ராமேசுவரம் பக்கம் நேரலையில் படம் போன அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு?

தங்கச்சிமடத்தான்

ஆடி அமாவாசை, அக்னி தீர்த்தம், விடியற்காலை நேரலை. கூட்டம் காரணமாக ஒளிபரப்பு வண்டியைக் கரைப் பக்கம் விடவில்லை. கேமராவிலிருந்து வண்டி வரை 120 மீட்டருக்கு மேல் கேபிள் இழுத்தாயிற்று. எச்.டி.எஸ்.டி.ஐ., அதாவது எச்.டி. படத்தைச் சுருக்காமல் கேபிளில் டிஜிட்டலாக அனுப்பும் முறை, விநாடிக்கு 1.485 கிகாபிட். இரவு முழுக்க மானிட்டரில் துளி மாசு இல்லை.

சூரியன் எழும்பியது. இடுப்பளவு நீரில் நின்றவர்கள் எள்ளும் நீரும் விடக் கையை உயர்த்தினார்கள். அந்த நொடியில் படத்தில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் மின்னின. அடுத்தது முழுக் கறுப்பு. காதில் கேமராக்காரர் கேட்கிறார்: "எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது அண்ணே, என்ன ஆயிற்று?" அவர் வியூஃபைண்டரில் அந்தக் கைகள் இன்னும் உயர்ந்தே இருந்திருக்கும்.

அனலாக் காலத்தில் இதே தூரத்துக்கு நிறம் மங்கும், ஓரம் மழுங்கும், ஆனாலும் ஒளிபரப்பலாம். கெடப்போவதைப் படமே காட்டிக்கொடுக்கும். இது கடைசி நொடி வரை எதையும் காட்டவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

மண்டபம் ஆன்டெனாக்காரன்

நான் ஒளிபரப்புத் துறை இல்லை. வீடுகளுக்கு ஆன்டெனா கட்டியவன். இலங்கைத் தொலைக்காட்சி ரூபவாகினி 1982-இல் தொடங்கியதும் இந்தக் கரை முழுக்க உயரமான குழாய்களில் ஆன்டெனா ஏறியதைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடல்மேல் ஈரக்காற்று, அதற்கு மேல் நிலத்திலிருந்து வரும் வெப்பக்காற்று என்று அடுக்கி நிற்கும் மாலைகளில் அலை அந்த அடுக்குக்குள் சிக்கி வளைந்து வெகுதூரம் வரும். அன்றைக்குப் படம் பிரமாதம். மறுநாள் வெறும் இரைச்சல்.

இங்குள்ள இலங்கை அகதிகள் முகாமில் ஒரு வயதான அம்மா. அவர் வீட்டில் பூஸ்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். தமிழ்ச் செய்தி. திரை முழுக்கப் புள்ளி, எனக்கு எதுவும் புரியவில்லை. அவர் எழுந்து திரையருகே போய், "மடு மாதா கோயில்" என்றார். முகப்பின் நிழல் மட்டும் தெரிந்தது, அதுவும் இரண்டு விநாடிதான். அவருக்கு அது போதுமாக இருந்தது. தங்கச்சிமடத்தான் சொல்வது சரி. அவ்வளவு பலவீனமான சிக்னல் டிஜிட்டலாக இருந்திருந்தால் அந்தத் திரையில் நிழல்கூட விழுந்திருக்காது.

கீழக்கரை பொறியாளர்

இருவரும் டிஜிட்டல்மேல் பழி போடுகிறீர்கள். ஏற்க மாட்டேன்.

தனுஷ்கோடியில் எனக்கும் படம் போனது. கேபிள் முனையில் இருக்கும் பி.என்.சி. கனெக்டரைக் கழற்றினேன், நடு ஊசியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மாற்றினேன், படம் வந்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் இங்கே வேலை செய்யும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். எச்.டி.க்கு முந்தைய எஸ்.டி. படம் விநாடிக்கு 270 மெகாபிட்டாக இருந்தபோது நல்ல கேபிள் 300 மீட்டர் ஓடியது. 1998-இல் எச்.டி. தரம் வந்தபோது வேகம் ஐந்தரை மடங்கு ஆனது. அதிர்வெண் ஏற ஏற கேபிளில் இழப்பும் ஏறும். பெறும் முனையில் உள்ள ஈக்வலைசர் அந்த இழப்பை ஈடுசெய்து ஈடுசெய்து படத்தைச் சுத்தமாகவே காட்டும். அதன் எல்லை முடிந்த இடத்தில் இன்னும் சில மீட்டர் சேர்ந்தாலே படம் விழுந்துவிடும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எச்.டி.யில் ஒவ்வொரு வரியிலும் சி.ஆர்.சி. சரிபார்ப்பு எண் உண்டு. சிக்னலை அளந்து காட்டும் வேவ்ஃபார்ம் மானிட்டரில் அந்தப் பிழை எண்ணிக்கையை இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் அது பூஜ்யமாக இல்லையென்றால் அந்தக் கேபிளோடு நேரலைக்குப் போகாதீர்கள். எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது, இடம் மாறியிருக்கிறது. இணைப்புகளைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றுங்கள். ஈர மணலில் கிடத்தாதீர்கள். 100 மீட்டருக்கு மேல் என்றால் ஒளியிழையே போடுங்கள். ஆனால் அதன் முனையைத் துடைக்காமல் செருகாதீர்கள். ஒளி செல்லும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான், ஓர் உப்புத் துகள் அதை மறைத்துவிடும். 4கே படம் போகும் 12ஜி-க்கு, அதாவது விநாடிக்கு 11.88 கிகாபிட்டுக்கு, நம் கரையில் செம்பை நம்பவே வேண்டாம்.

உச்சிப்புளி மகள்

படம் போனது மட்டும்தானா அனுபவம்? எனக்குப் படம் சுத்தமாக வந்தது. போனது ஒரு பெண்ணின் பதில்.

சிறையிலிருந்த மீனவர் விடுதலையாகிறார் என்ற செய்தி. பாம்பனில் அவர் மனைவியை நேரலையில் நிறுத்தினோம். டிஷ் வழியாகத்தான் அனுப்பினோம். செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறி இறங்கவே கால் விநாடி. குறைந்த அலைவரிசைக்குள் எச்.டி. படத்தை அடக்க எச்.264 முறையில் சுருக்கி விரிப்பதற்கு அதைவிட அதிக நேரம் போகிறது. சென்னையில் கேட்ட கேள்வி தொலைபேசியில் உடனே அவர் காதுக்கு வந்தது. அவர் பதில் அங்கே போய்ச் சேரத்தான் தாமதம். "கணவர் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்றார்கள். அந்தப் பெண் தலையை நிமிர்த்திப் பேசத் தொடங்கிவிட்டார். அங்கே அவர் ஊமையாக நிற்பதாக எண்ணி, "பேச முடியாத நிலையில் இருக்கிறார்" என்று சொல்லி வெட்டிவிட்டார்கள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது: "கடலுக்குப் போகவிட மாட்டேன்." அன்று ஒளிபரப்பாகியிருக்க வேண்டியது அதுதான்.

கீழக்கரைக்காரரே, இதற்கு எந்த மீட்டரில் எண் பார்ப்பது?

தொண்டியிலிருந்து

ஆடித் திருக்கல்யாண நேரலை. சென்னையில் அந்த நிலையம் 2110 என்ற தரத்துக்கு மாறியிருந்தது. 2017-இல் வந்த தரம், எல்லாம் ஐ.பி. என்ற கணினி வலைப்பின்னல் வழியாகத்தான். எஸ்.டி.ஐ.யில் ஒலி படத்தோடு ஒரே கேபிளில் பொதிந்து வரும், பிரிய வழியில்லை. 2110-இல் படம் தனி ஓடை, ஒலி தனி ஓடை. இரண்டையும் வலைப்பின்னல் முழுக்க ஒரே நேரத்தைக் கொடுக்கும் பி.டி.பி. கடிகாரம் காட்டும் நேரம்தான் சேர்த்துவைக்க வேண்டும்.

தவில் வாசிக்கும் என் மாமா வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர் எனக்குப் போன் செய்தார்: "கை விழுந்தபிறகு சத்தம் வருகிறது. வாசிக்கிறவரை அவமதிக்கிறீர்கள்." கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. ஒலி 60 மில்லிவிநாடிக்கு மேல் பிந்தக்கூடாது என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அளந்தபோது அதைத் தாண்டியிருந்தது. சரிசெய்வதற்குள் மாலை மாற்றும் சடங்கு முடிந்துவிட்டது.

கீழக்கரை பொறியாளர்

உச்சிப்புளி அக்கா கேட்டதற்கு: தாமதத்தை முன்பே அளந்து நிலையத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும், அவர்களும் காத்திருக்க வேண்டும். அது மனிதர் வேலை. தொண்டித் தம்பி, அங்கே கடிகாரத்தை யாரும் கண்காணிக்கவில்லை. தரத்தின்மேல் குற்றம் இல்லை.

தங்கச்சிமடத்தான்

அண்ணே, என் கேபிளின் ஊசி இரண்டு முனையிலும் பளபளவென்று இருந்தது. அன்றே கழற்றிப் பார்த்துவிட்டோம். பச்சை எங்கும் இல்லை.

கீழக்கரை பொறியாளர்

ஊசியை விடுங்கள். உறையை ஓர் அடி உரித்து உள்ளே இருக்கும் கம்பிப் பின்னலைப் பார்த்தீர்களா? வாடகைக்குக் கொடுத்தவர் இன்னும் அதே கேபிளைத்தான் அனுப்புகிறாரா?