மஞ்சளை வேகவைத்துக் காயவைப்பதா, பச்சையாகச் சீவிக் காயவைப்பதா?

செம்மண்காடு, கடலூர்:

வணக்கம். கேப்பர் மலைப் பக்கம் செம்மண் நிலம், ஆனியில் நட்ட மஞ்சள். பொங்கலுக்குக் கொத்தாகப் போனது போக, இன்னும் 300 கிலோ கிழங்கு மண்ணில் இருக்கும். இலை பாதி பச்சையாகத்தான் நிற்கிறது. மொத்தத்தையும் தூளாக்கி விற்கலாம் என்று இருக்கிறேன். ஊரில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். தண்ணீரில் வேகவைத்தால் சத்தும் நிறமும் தண்ணீரோடு போய்விடும், பச்சையாகச் சீவிக் காயவைப்பதுதான் நல்லது என்கிறார்கள் சிலர். வேகவைக்காத மஞ்சள் புழுத்துப்போகும் என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி? கடலோரம் என்பதால் காலையில் பனி, மதியத்துக்கு மேல் ஈரக்காற்று. அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

பண்ருட்டி விரலி:

முதலில் அவசரப்பட்டுத் தோண்டாதீர்கள். ஆனியில் நட்டது மாசிக் கடைசி, பங்குனியில்தான் முற்றும். இலை முழுக்கப் பழுத்துக் காய்ந்து சாய வேண்டும். பொங்கல் பருவத்துக் கிழங்கில் தண்ணீர்தான் அதிகம். காய்ந்ததும் தோல் சுருங்கிக் குச்சி மாதிரி ஆகிவிடும், எடையும் நிற்காது.

சமையல் தூள் என்றால் வேகவைத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. சத்து தண்ணீரில் போகிறது என்ற பயம் தேவையில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு, எண்ணெயில்தான் கரையும். அண்டாத் தண்ணீர் மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் தோலிலிருந்தும் வெட்டுப்பட்ட இடத்திலிருந்தும் உதிர்ந்த துகள். அதனால்தான் வேகவைக்கும் முன் கிழங்கை உடைக்கவோ சீவவோ கூடாது என்கிறோம்.

வேகும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து கூழாகிப் பிறகு கண்ணாடி போல் இறுகுகிறது. நிறம் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராகப் பரவுகிறது. பச்சை வாடை போகிறது, முளைக்கும் உயிர் அடங்குகிறது, மண்ணோடு வந்த கிருமிகளில் பெரும்பகுதி சாகிறது. காயும் நாளும் குறையும். வேகாத கிழங்கு வெளியே காய்ந்து தோல் இறுகிவிடும், நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும்.

தோண்டிய 2, 3 நாளுக்குள் வேகவைத்துவிடுங்கள். வேர், மண் போகக் கழுவி, விரலியை (விரல் போல் நீண்ட கிளைக்கிழங்கு) தனியாகவும் குண்டை (நடுவில் உருண்டையாக இருக்கும் தாய்க்கிழங்கு) தனியாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டால் குண்டு வேகும் நேரத்தில் விரலி குழைந்துவிடும். கிழங்குக்கு மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கட்டும். விரலிக்குக் கொதி வந்த பிறகு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். நுரை கட்டி, வெள்ளை ஆவியோடு மஞ்சளுக்கே உரிய வாசனை எழும். அப்போது ஒன்றை எடுத்து விரலால் அழுத்துங்கள், லேசாக அமுங்க வேண்டும். மழுங்கிய ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்க வேண்டும். குறுக்கே வெட்டினால் ஒரே ஆரஞ்சு நிறம் தெரியும். நடுவில் வெளிறிய வளையம் இருந்தால் இன்னும் வேகவில்லை. அதிகம் வெந்தால் நிறம் மங்கும், குறைவாக வெந்தால் காய்ந்தபின் பொடிப்பொடியாக நொறுங்கும்.

துருப்பிடித்த இரும்புப் பீப்பாய் வேண்டவே வேண்டாம். இரும்பு பட்டால் மஞ்சள் கறுக்கும். எவர்சில்வர் அண்டாவோ, துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியோ போதும்.

புதுவை மூலிகை:

அண்ணன் சொன்னதில் வேகவைப்பது பற்றி மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பச்சையாகச் சீவிக் காயவைக்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சளை அப்படித்தான் செய்கிறோம். அது வேறு இனம், அதில் வேண்டியது வாசனை எண்ணெய், அதைச் சாப்பிடப் போவதும் இல்லை. அந்த முறையைச் சமையல் மஞ்சளுக்குக் கொண்டுவந்து வைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பச்சையாகச் சீவினால் வெட்டுவாய் அத்தனையும் வெயிலுக்குத் திறந்து கிடக்கும். வாசனை எண்ணெய் வேகமாகப் பறக்கும், வெளிச்சம் பட்டு மேல்நிறம் வெளுக்கும், குழம்பில் மண்வாடை தூக்கும்.

கடலோரத்துக்கு நான் சொல்வது நடுவழி: முழுதாக வேகவைத்து, வடித்து, ஆறியதும் சீவுங்கள். 4, 5 மில்லிமீட்டர் தடிமன். முழு விரலி நல்ல வெயிலிலேயே 10 முதல் 15 நாள் கேட்கும். நம் பக்கம் பகலில் காய்ந்ததில் பாதி இரவுப் பனியில் மறுபடி ஈரமாகிவிடுவதால் இன்னும் இழுக்கும், அதற்குள் பூசணம் வந்துவிடும். வெந்த சீவல் 4, 5 வெயிலில் காய்ந்துவிடும். இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்: சீவியதை மண்டியில் விரலி என்று விற்க முடியாது, மெருகும் போட முடியாது. தூளுக்கு மட்டும்தான். உங்களுக்கு அதுதானே வேண்டும்.

சீவலை மெல்லிய வேட்டித் துணியால் மூடியே காயவையுங்கள். காற்று போகும், நேர் வெயில் படாது. காலை 9 மணிக்குப் பனி உலர்ந்தபின் விரித்து, 4 மணிக்குக் கடல்காற்று கனக்கும் முன் அள்ளி, சாக்குப் போட்டு மூடுங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கினால் உள்ளே வியர்த்துவிடும். சூரிய உலர்த்திக் கூடாரம் கிடைத்தால் இன்னும் நல்லது, சூடு 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செம்மண்காடு, கடலூர்:

ரொம்ப நன்றி. சில சந்தேகங்கள். வேகும்போது சுண்ணாம்போ சோடாவோ போட்டால் நிறம் ஏறும் என்கிறார்களே? நன்றாகக் காய்ந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? குண்டை என்ன செய்வது?

பண்ருட்டி விரலி:

சோடா, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) பட்டால் மஞ்சள் சிவக்கும், அதைத்தான் நிறம் ஏறுகிறது என்கிறார்கள். காரத்தில் குர்குமின் சிதையும். வெறும் தண்ணீர் போதும். சாணிக் கரைசல் ஊற்றுகிற பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், சாப்பிடுகிற பொருள்.

குண்டில் நோயில்லாத, கனமானதாகப் பார்த்து விதைக்கு ஒதுக்குங்கள். அதை வேகவைக்காமல், நிழலில் குவித்து மஞ்சள் இலையால் மூடி வையுங்கள். மீதிக் குண்டை விரலிக்கு அப்புறம், கூடுதல் நேரம் விட்டு வேகவையுங்கள். பெரியதாக இருந்தால் இரண்டாகப் பிளந்து போடலாம். குண்டுக்கு மட்டும் இந்த விதிவிலக்கு.

ஒன்று கவனம்: வடித்த மஞ்சளைச் சூட்டோடு குவித்துவிட்டு ராத்திரி முழுக்க விடாதீர்கள். புளித்துப் பிசுபிசுக்கும். காலையில் முதல் வேலையாக வேகவைத்தால் அன்றைய வெயிலே பிடித்துவிடலாம். சீவாமல் முழு விரலியாகக் காயப்போடுகிற பங்கு இருந்தால் 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். அதைவிட மெல்லிசாகப் பரப்பினால் நிறம் கெடும்.

புதுவை மூலிகை:

நன்றாகக் காய்ந்ததா என்பதற்கு எடைக் கணக்கு வைத்துப் பாருங்கள். முற்றிய கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர் என்று வைத்தால், 100 கிலோவில் காய்ந்த சரக்கு 20 கிலோ. 10 சதவீத ஈரத்தில் அது 22 கிலோ சொச்சம் வரும். உங்கள் 100 கிலோ இன்னும் 26, 27 கிலோ காட்டுகிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இளங்கிழங்கு கலந்திருந்தால் இந்த எடை இன்னும் குறைவாகத்தான் நிற்க வேண்டும்.

கையால் பார்ப்பதென்றால் சீவலை ஒடியுங்கள். வளையாமல் டக்கென்று ஒடிய வேண்டும், ஒடிந்த இடம் மெழுகு மாதிரிப் பளபளக்க வேண்டும். முழு விரலி ஒன்றோடொன்று தட்டினால் உலோகச் சத்தம் வரும். பிறகு எல்லாவற்றையும் சாக்கில் கட்டி நிழலில் 2, 3 நாள் வையுங்கள். நடுவில் மிச்சமிருந்த ஈரம் வெளியே வந்து சமமாகும். திறந்து கை விட்டுப் பார்த்து ஈரப்பதமாகத் தெரிந்தால் இன்னொரு வெயில் காட்டுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே அரைப்பதால்தான் பல பேருடைய தூள் ஒரு மாதத்தில் கட்டிபிடிக்கிறது.

ஆலைக்காரர், முத்தியால்பேட்டை:

அரைக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. உணவுப் பாதுகாப்பு விதிப்படி மஞ்சள் தூளில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, முழு மஞ்சளில் 12. ஈரமாகக் கொண்டுவந்தால் சல்லடையில் அப்பிக்கொண்டு மில் சூடாகும், சூட்டில் வாசனை போகும். சீவலாக இருந்தால் ஒரே ஓட்டத்தில் இறங்கும். முழு விரலியை முதலில் ஒன்றிரண்டாக உடைத்து, பிறகு மாவாக இரண்டு முறை விட வேண்டும். மிளகாய் அரைத்த மில்லில் முதல் ஒரு கிலோ மஞ்சளைத் தனியாகப் பிடித்து ஒதுக்கச் சொல்லுங்கள்.

அரைத்த தூளைச் சூட்டோடு பாக்கெட் போடாதீர்கள். சுத்தமான துணியில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, வெளிச்சம் புகாத பையில் அடையுங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் அரைக்கவும் வேண்டாம். காய்ந்த சீவலாகவே இறுக்கமான டின்னில் வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்தால் வாசனை நிற்கும். மாதம் ஒருமுறை டின்னைத் திறந்து அடியில் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டையும் மஞ்சள் பொடி உதிர்வும் தெரிந்தால் வண்டு இறங்கிவிட்டது. அந்த டின்னைத் தனியாக ஒதுக்கி, நல்ல சீவலைப் பொறுக்கி, அதை மறுபடி வெயிலில் சுடச்சுடக் காயவைத்துப் புது டின்னுக்கு மாற்றுங்கள்.