15 வயது மகன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், வயசுக் கோளாறா டிப்ரஷனா?

விடிவெள்ளி:
மூன்று மாதமாக என் மகன் அவனாகவே இல்லை. அழுவதில்லை, சோகமாகவும் தெரியவில்லை, குழப்பமே அதுதான். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல, விடு" என்று சீறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறான். செஸ் என்றால் சாப்பாட்டையே மறப்பவன், இப்போது பலகை மேல் தூசி. ராத்திரி 2 மணிவரை விழிப்பு, அடிக்கடி தலைவலி, மார்க்கும் சரிந்துவிட்டது. இவன் அப்பா "இந்த வயசில் எல்லாரும் இப்படித்தான்" என்கிறார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

நேர்கோடு:
போனைப் பிடுங்கி வையுங்கள், ஒரே வாரத்தில் சரியாகிவிடும். நாமெல்லாம் வளரவில்லையா?

இரவுப்பணி:
போனைப் பிடுங்கினால் இருக்கிற பேச்சும் நின்றுபோகும், அவசரப்படாதீர்கள். நான் மனநலப் பிரிவில் நர்ஸ். அழவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வரவேண்டாம் சகோதரி. டாக்டர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே, இந்த வயதினருக்குச் சோகத்துக்குப் பதில் எரிச்சல் இருந்தாலும் கணக்கில் எடுக்கலாம் என்று இருக்கிறது. அந்த எரிச்சலோ, பிடித்த விஷயத்தில் ஆர்வம் போவதோ, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, களைப்பு, கவனக்குறைவு, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பு என்று மொத்தம் 9 அறிகுறிகளில் 5, அநேகமாக தினமும், 2 வாரம் நீடித்து, படிப்பையோ மற்றவர்களோடு பழகுவதையோ பாதித்தால்தான் டிப்ரஷன் என்பார்கள்.

லேட்டாகத் தூங்குவதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகும். எனக்கு உறுத்துவது செஸ்தான். நம்மிடம் சீறிவிட்டு நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருந்தால் அது வேறு கதை, அவர்களையும் ஒதுக்கிவிட்டானா என்று கவனியுங்கள். டாக்டரிடம் போனால் ரத்தப் பரிசோதனையும் எழுதக்கூடும், தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே மாதிரி சோர்வைக் காட்டும்.

இன்னொன்று. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், அப்படி நடப்பதில்லை, நிறையப் பிள்ளைகளுக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடந்துவந்தவன்:
16 வயதில் நான் அப்படி இருந்தவன். எதிரில் உட்கார்ந்து "என்னடா பிரச்சனை" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எனக்கே பதில் தெரியாது, அந்த ஆத்திரத்தில்தான் கத்துவேன். "உனக்கு என்ன குறை வைத்தோம்" என்ற ஒரு வரி வந்துவிட்டால் அன்றைய பேச்சு அவ்வளவுதான். ஒருநாள் வண்டியில் போகும்போது, முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளா நீ சரியா தூங்கலைன்னு தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா பேசாமல் ஓட்டினார். அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

விடிவெள்ளி:
மாத்திரை கொடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவானோ?

இரவுப்பணி:
இந்த மாத்திரைகள் போதை மருந்து மாதிரி அடிமையாக்குபவை அல்ல. லேசான நிலை என்றால் பெரும்பாலும் பேச்சு சிகிச்சையோடு தொடங்குவார்கள். அதிகம் என்றால் ஃப்ளுவாக்ஸெடின் போன்ற டிப்ரஷன் மாத்திரையும் கொடுப்பார்கள். அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுவரை டிப்ரஷன் உள்ள 439 பேருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டு, 2004-இல் வெளியான டிஏடிஎஸ் என்ற ஆய்வில், 12 வார முடிவில் மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 சதவீதத்தினர் தேறினார்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 61. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆரம்ப வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை மருந்தோடேயே வருகிறது, அந்தச் சமயம் கண்கொத்திப் பாம்பாக இருங்கள். நன்றாக ஆகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

விடிவெள்ளி:
நேற்று துணி மடிக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "காலைல எதுக்கு எழுந்திருக்கணும்னே தெரியலம்மா" என்றான். சாகிற எண்ணம் உண்டா என்றும் கேட்டுவிட்டேன், கை நடுங்கியது. இல்லை என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னான். வியாழக்கிழமை டாக்டர், அவன் அப்பாவும் வருகிறார். ஒரு சந்தேகம், அவனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் விடலாமா?

இரவுப்பணி:
விடுங்கள். வெளியே வந்ததும் உள்ளே என்ன பேசினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.