விசாரணை முறை நியாயமா? மூன்று நாட்டுக் கேள்வித்தாளில் சிக்கல், உதவி தேவை

ஜெர்மனி, இங்கிலாந்து, ஜப்பான் மூன்றிலும் சிவில் வழக்காடியவர்களிடம் ஒரே கேள்வி: 'விசாரித்த முறை எவ்வளவு நியாயம்?' மதிப்பெண் 1 முதல் 7 வரை. வென்றவர், தோற்றவர் கணக்கைத் தனியே பிரித்தாயிற்று. இல்லாவிட்டால் தீர்ப்பின் கசப்பு முறையின் மேல் ஏறிவிடும். இடிக்கிற இடம் வேறு.

ஜெர்மனியில் சாட்சியை முதலில் நீதிபதியே கேள்வி கேட்பார். இங்கிலாந்தில் அது வழக்கறிஞர்கள் வேலை. ஆகவே கேள்வித்தாளில் உள்ள 'உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா?' என்ற இன்னொரு வரிக்கு இரண்டு இடத்திலும் ஒரே பொருள் இல்லை. ஜப்பானில் நடு எண்ணான 4-ஐ வட்டமிடுகிற பழக்கம் அதிகம். சராசரியை அப்படியே ஒப்பிட்டால் தப்புத்தான்.

எல்லோருக்கும் ஒரே கற்பனை வழக்கைக் கொடுத்து, அதற்கு அவர்கள் போடும் மதிப்பெண்ணை வைத்துச் சொந்த வழக்கின் மதிப்பெண்ணைத் திருத்தலாம் என்று யோசனை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனை கற்பனை வழக்கு போதும்? சொந்த வழக்குக் கேள்விக்கு முன்பா, பின்பா?