கோவை மாடியில் பச்சைப் பட்டாணி: என் அனுபவம்

சமவெளியில் பட்டாணி வருமா என்று கேட்ட தம்பிக்கு: வரும், நான் கோவையில் மொட்டை மாடியில் எடுக்கிறேன். ஆனால் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி நினைத்த மாதத்தில் விதைக்க முடியாது. நமக்குக் கிடைப்பது மார்கழி, தை குளிர் மட்டும்தான். பூ எடுக்கும் நாட்கள் அந்தக் குளிருக்குள் விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெயில் 30 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து அடித்தால் பூ கொட்டிவிடும், அதற்கப்புறம் என்ன உரம் போட்டும் பயனில்லை.

அதனால் ஐப்பசி கடைசியிலோ கார்த்திகை முதல் வாரத்திலோ விதைத்துவிடுகிறேன். அர்கெல் ரகம்தான் எனக்குப் பிடித்தது, செடி குட்டை, சுமார் 60 நாளில் காய் பறிக்கலாம். மளிகைக் கடைக் காய்ந்த பட்டாணியும் முளைக்கும், ஆனால் அது பெரும்பாலும் பருப்புக்கான ரகம், பச்சையாகச் சாப்பிட அந்த இனிப்பு இருக்காது, விதைக்கடையில் வாங்குவதே நல்லது. இரவு ஊற வைத்து, காலையில் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதையில் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, நேராகச் செடி வளர்க்கும் பையிலேயே ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றிவிடுவேன். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் தாங்காது. அந்தச் சமயம் மழை வேறு பெய்யும், பையில் தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும், அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முளை வரும்வரை அணிலுக்கும் மைனாவுக்கும் தெரியாதபடி மேலே பழைய வலை ஒன்று.

தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம் கொடுக்காதீர்கள். வேர் முடிச்சில் இருக்கும் அந்த ரைசோபியம் நுண்ணுயிரி காற்றிலிருந்தே அதை எடுத்துக் கொடுத்துவிடும், நாமும் சேர்த்து ஊற்றினால் செடி கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், காய் இருக்காது. மண்புழு உரமும் கொஞ்சம் சாம்பலும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஏறுவதற்கு மூங்கில் கழி வேண்டாம், பட்டாணியின் சுருள் மெல்லியது, தடிமனான கழியைச் சுற்றிப் பிடிக்காது. காய்ந்த துவரை மாறு நாலைந்து குத்தி வைத்தால் தானே பற்றிக்கொண்டு ஏறும்.

தை பிறந்தால் பகலில் வெயிலும் காலையில் பனியுமாக இருக்கும், அப்போது இலையில் சாம்பல் நோய் வரும். செடிகளை நெருக்காமல் காற்றோட்டம் விட்டால் தள்ளிப்போகும், அடியிலை வெளுத்தால் உடனே கிள்ளி அப்புறப்படுத்துங்கள். கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒட்டினால் வேப்பெண்ணெய்க் கரைசல்.

காய் உருண்டு திரண்டதும் பறித்துவிட வேண்டும், விட்டுவைத்தால் செடி அடுத்த பூ எடுக்காது. பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவாக மாற ஆரம்பிக்கும், அதனால்தான் கடைப் பட்டாணியில் அந்த ருசி இல்லை. நான்கைந்து பையில் குருமாவுக்கு அளவாக வரும், கிலோ கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் அது அடுப்புக்கே போவதில்லை, பிள்ளைகள் மாடியிலேயே உரித்துத் தின்றுவிடுகிறார்கள். எனக்கு இதைவிட வேறென்ன விளைச்சல் வேண்டும்!

முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அடியோடு வெட்டிவிட்டு, வேரை மண்ணிலேயே விட்டுக் கீரை விதைக்கிறேன், நன்றாக வருகிறது. சேலம், மதுரைப் பக்கம் யாராவது போட்டிருந்தால் எந்த மாதம் பூத்தது என்று எழுதுங்கள், அங்கே வெயில் இன்னும் சீக்கிரம் ஏறிவிடுமே.