ஒரே ஸ்விட்சில் இரண்டு பிரிட்ஜ், இரண்டிலும் விலான் 20: எப்படிச் சமாளிப்பது?

24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றில் ஆபீசுக்கு ஒரு பிரிட்ஜ் (சில போர்ட்களை ஒரே நெட்வொர்க்காகச் சேர்க்கும் குழு), கீழ்த்தளத்துக் கடைக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருக்கிறேன், இரண்டு பக்கமும் விலான் 20 (ஒரே வயரில் பல நெட்வொர்க்குகளைப் பிரித்துக் காட்டும் எண்). முதலாவது ஸ்விட்ச் சிப்பிலேயே ஓடுவதால் 940 எம்பிபிஎஸ் சுளையாக வருகிறது. இரண்டாவதில் ஒரு ஃபைல் காப்பி போட்டாலே சிபியு 100 சதவீதம், வேகம் 200-ஐத் தாண்டவில்லை. இந்தச் சிப் ஒரு பிரிட்ஜைத்தான் ஆஃப்லோடு செய்யுமாம் (அதாவது சிபியுவுக்கு வேலை வைக்காமல் தானே கையாளுமாம்), அப்புறம்தான் புரிந்தது. சரி, ஒரே பிரிட்ஜாக்கி விலான் ஃபில்டரிங் (விலான் எண்ணை வைத்தே பிரிப்பது) போடலாம் என்றால் இரண்டு 20-ம் கலந்துவிடும். கடைக்காரர் எண்ணை மாற்ற மசிய மாட்டார் (கேட்டுப் பார்த்துவிட்டேன்). அவர் ட்ரங்க்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பில்) வரும் 20-ஐ உள்ளே நுழையும்போதே 120 ஆக்கி, வெளியே போகும்போது திரும்ப 20 ஆக்குவதைச் சிப் அளவிலேயே யாராவது செய்திருக்கிறீர்களா? இல்லை, க்யூ-இன்-க்யூ (விலான் டேகுக்கு மேல் இன்னொரு டேக்) போட்டு வெளி டேகால் பிரிப்பதுதான் நல்லதா?