களிம்பை விட்டுவிட்டு அடிப்பகுதியைப் பாருங்கள்

ஹாங்காங்கின் ஹாலிவுட் சாலையில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில், பண்டைய சீனத்து ஷாங் அரசமரபின் காலத்தது என்று சொல்லி, மூன்று கால்களுடைய சிறிய டிங் என்னும் வெண்கலச் சடங்குப் பாத்திரம் ஒன்றை என்னிடம் காட்டினார்கள். கடைக்காரர் மேனியெங்கும் படர்ந்திருந்த பச்சைக் களிம்பையே திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்ட, நான் அனுமதி கேட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். கால்களுக்கு நடுவே அடிப்பகுதி வழவழவென்றிருந்தது. அச்சுத் தடம் எதுவும் கண்ணில் படவில்லை. களிம்பும், விளிம்பில் நிமிர்ந்து நின்ற காது போன்ற கைப்பிடிகளிலும் அலங்கார இடுக்குகளிலும் ஒரே கனத்தில், பூசியது போலவே இருந்தது. விலை பேசாமல் திரும்பிவிட்டேன்.

ஷாங், அதை அடுத்து வந்த மேற்குச் சௌ அரசமரபுகளின் காலத்து வார்ப்புக் கலைஞர்கள் இத்தகைய பாத்திரங்களை மெழுகு வார்ப்பில் செய்யவில்லை. மாதிரியின் மேல் களிமண்ணை அப்பி, அதைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்துச் சுட்டு, உள்ளே ஒரு களிமண் கருவை நிறுத்தி, இடைவெளியில் வெண்கலக் குழம்பை ஊற்றினார்கள். அச்சுத் துண்டுகள் சேர்ந்த இடங்களில் உலோகம் கசிந்து மெல்லிய வரம்புகளாக நிற்கும். வெளிப்புறத்தில் அவற்றைத் தேய்த்து மறைத்தாலும், பல டிங்குகளின் அடியில் அவை முக்கோண வடிவில் எஞ்சியிருக்கும். சுவரின் கனம் மாறாதிருக்க அச்சுக்கும் கருவுக்கும் நடுவே செருகிய சிறு வெண்கலச் சில்லுகளோ எக்ஸ்ரே படத்தில் தெரியும். தேர்ந்த போலிக்காரர் இவற்றையும் செயற்கையாக உண்டாக்க முயல்வார் என்பதால், ஒற்றைத் தடயத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது.

எழுத்துகள் இன்னும் சிக்கலானவை. எழுத்துள்ள பாத்திரத்துக்குக் கூடுதல் விலை கிடைத்ததால், சீனத்தின் கடைசி அரசமரபான சிங் காலத்தில் அசல் பாத்திரத்திலேயே பொய் எழுத்தைச் செதுக்கி விற்றார்கள். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் களிமண் கருவின் துகளை, மண் எப்போது சுடப்பட்டது என்று கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு அனுப்பினால் பாத்திரத்தின் வயது சரியாகவே வரும். எழுத்தின் பொய்யை அது காட்டிக்கொடுக்காது. ஆகவே, எழுத்து வார்ப்பிலேயே அமைந்ததா, பின்னர் வெட்டப்பட்டதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இந்த அளவுகோலுக்கும் ஒரு விதிவிலக்கை ஷாங்காய் அருங்காட்சியகத்தில் நேரில் கண்டேன். பாத்திரம் அல்ல, சடங்கு மணிகள்: மேற்குச் சௌ காலத்து ஜின் என்னும் சிற்றரசின் ஆட்சியாளர் சூவின் மணித்தொகுதியில் 14 மணிகளை அந்த அருங்காட்சியகம் 1992இல் ஹாங்காங் சந்தையிலிருந்து வாங்கியது. அவற்றின் எழுத்துகள் கூரிய கருவியால் வெட்டப்பட்டவை. குனிந்து உற்றுப் பார்த்தபோது, ஒவ்வொரு வளைவும் ஒரே இழுப்பாக இல்லாமல் சிறு சிறு வெட்டுகளாகச் சேர்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. வழக்கமான கண்ணோட்டத்தில் இவற்றைப் போலி என்றே ஒதுக்கியிருக்கலாம். ஷான்சி மாகாணத்துப் பெய்ஜாவ் என்னும் இடத்தில் 8ஆம் எண் கல்லறையை அகழ்ந்தபோது கிடைத்த 2 சிறிய மணிகளின் எழுத்து, இந்த 14 மணிகளின் வாசகத்தைத் தொடர்ந்து முடித்துவைத்ததால்தான் ஐயம் அகன்றது. 16 மணிகளிலும் சேர்த்து 355 எழுத்துகள். அந்த இரண்டையும் கொள்ளையர் எடுத்துப் போயிருந்தால், அறிஞர்கள் இன்றும் இரு தரப்பாக நின்று வாதிட்டுக்கொண்டிருக்கக்கூடும். அகழ்வுச் சான்று இல்லாத பாத்திரத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க எனக்கு மனம் வராததற்கு அதுவே காரணம்.