தீபாவளி போனஸ் 50 ஆயிரம்: பழைய பி450 போர்டுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த எஸ்எஸ்டி?

நொய்யல்கரை (திருப்பூர்):

எல்லோருக்கும் வணக்கம். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2019 கடைசியில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதற்கும் முந்தைய 1 டிபி ஹார்ட் டிஸ்க். மானிட்டர் 24 இஞ்ச், 1080பி, 75 ஹெர்ட்ஸ்.

பாப்பா தூங்கிய பிறகு, ராத்திரி பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் எனக்கு விளையாட நேரம். அதில் பாதி லோடிங்கில் போகிறது. சைபர்பங்க் 2077-ஐ ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறேன், எஸ்எஸ்டியில் இடமில்லை. தெருவில் வண்டியைத் திருப்பினால் எதிரே இருக்கும் சுவர் சாக்குத் துணி மாதிரி தெரியும். பக்கத்தில் போய் நின்று நாலு எண்ணினால்தான் அதில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் படிக்க முடியும்.

இந்த 2025 தீபாவளிக்கு போனஸும் கையிருப்பும் சேர்த்து 50 ஆயிரம் ஒதுக்கியிருக்கிறேன். கடையில் ஆர்டிஎக்ஸ் 5060 எட்டு ஜிபி 30 ஆயிரம், "7000 ஸ்பீடு" ஜென் 4 எஸ்எஸ்டி 1 டிபி 7 ஆயிரம், மிச்சத்துக்கு கலர் லைட் ஃபேன், புது கேபினெட் என்று எழுதிக் கொடுத்தார்கள். கார்டு மெமரி எட்டு ஜிபி போதுமா என்று கேட்டால் "போதும் சார், எல்லோரும் அதுதான் வாங்குகிறார்கள்" என்கிறார்கள். மச்சான் சிங்கப்பூரிலிருந்து தீபாவளிக்கு வருகிறான், அவனை வாங்கி வரச் சொல்லலாமா என்றும் ஒரு யோசனை.

அப்புறம், அந்த ஹார்ட் டிஸ்க் ஒரு மாதமாக அவ்வப்போது டிக், டிக் என்கிறது. பயப்பட வேண்டுமா?


குறுக்குச்சந்து:

5060-ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் ப்ரோ. சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ் இருக்கிறது, நடுநடுவே ஃப்ரேமைச் சேர்க்கும் ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கிறது. மற்றதெல்லாம் வெட்டிப் பேச்சு.


ஸ்க்ரூடிரைவர் (விழுப்புரம்):

தம்பி, கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். ஆறு வருஷம் சென்னை ரிச்சி தெருவில் கடையில் நின்றவன் நான், இப்போது ஊரோடு வந்து வீடு வீடாகப் போய் சர்வீஸ் பார்க்கிறேன். நீங்கள் கடைசி வரியில் கேட்டதற்குத்தான் முதல் பதில். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, அதைப் போட்டு, டிஸ்கில் கெட்ட இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து இங்கே போடுங்கள். கார்டு எங்கேயும் ஓடிப்போகாது.

சரி, கார்டுக்கு வருகிறேன். 5060 மோசமான கார்டு இல்லை. உங்கள் போர்டுக்குத்தான் அது பொருத்தமில்லை. அந்தக் கார்டு ஸ்லாட்டில் இருக்கும் 16 லேனில் (டேட்டா போகும் பாதை) எட்டைத்தான் பயன்படுத்தும். புது போர்டில் ஒவ்வொரு லேனும் அகலம், அதனால் தெரியாது. உங்களுடையது பிசிஐஇ 3.0, அந்த ஸ்லாட்டின் பழைய தலைமுறை. எட்டு லேன் என்றால் விநாடிக்குச் சுமார் 8 ஜிபி போகும், அவ்வளவுதான். கார்டுக்குள் இருக்கும் மெமரியோ விநாடிக்கு 448 ஜிபி ஓடும்.

உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். கட்டிங் டேபிளில் துணி விரிக்க இடம் இருக்கிற வரை வேலை பறக்கும். டேபிள் நிறைந்துவிட்டால் மிச்சத்தை அடுத்த தெரு குடோனில் போட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஆளை அனுப்பி எடுத்து வர வேண்டும். எட்டு ஜிபி நிறைந்ததும் கேம் செய்வது அதுதான். டெக்ஸ்சர் (சுவர், தரை மேல் ஒட்டும் படம்) எல்லாம் கம்ப்யூட்டர் ராமுக்குப் போய்விடும், அங்கிருந்து ஸ்லாட் வழியாக வரவேண்டும். உங்கள் வீட்டில் குடோனுக்குப் போகிற சந்து வேறு குறுகல். சராசரி விநாடிக்கு 70 ஃப்ரேம் என்று நன்றாகவே காட்டும், ஆனால் திருப்பத்தில் திடீரென்று ஒரு வெட்டு வெட்டி நிற்கும். நாலு ஜிபி கார்டில் அந்தச் சாக்குத் துணியை நீங்கள் பார்த்தாகிவிட்டது. முழுப் பழியும் ஹார்ட் டிஸ்க் மேல் இல்லை.

அதனால் என் ஓட்டு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. அதே பேரில் எட்டு ஜிபியும் விற்கிறார்கள், பெட்டியில் 16 என்று அச்சடித்திருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். இது 16 லேனையும் பயன்படுத்தும் கார்டு, சந்து இரண்டு மடங்கு அகலம். டேபிளும் பெரிது என்பதால் சந்துக்குப் போகிற வேலையே குறைவு. 160 வாட், பெரும்பாலான மாடலில் ஒரே ஒரு எட்டு பின் பவர் கனெக்டர். ரே டிரேசிங்கில் (நிஜ வெளிச்சம் மாதிரி காட்டும் முறை) 5060-இன் கம்பெனியான என்விடியா பக்கம் தெளிவு அதிகம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விநாடிக்கு 75 ஃப்ரேம் மட்டுமே காட்டும் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு ஃப்ரேம் ஜெனரேஷனுக்குக் காசு கொடுப்பது எதற்கு? அதுவும் அதே எட்டு ஜிபியிலிருந்துதான் பங்கு கேட்கும்.

எஸ்எஸ்டி. உங்கள் போர்டின் எம்.2 ஸ்லாட்டும் (எஸ்எஸ்டியைச் சொருகும் இடம்) ஜென் 3, அதாவது பிசிஐஇ 3.0 தான், விநாடிக்கு 3500 எம்பிக்கு மேல் போகாது. 7000 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உங்கள் வீட்டில் 3500. அதைப் பற்றிக் கவலையும் வேண்டாம். ஹார்ட் டிஸ்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் நிமிடக் கணக்கு விநாடிக் கணக்காகிவிடும். கேபிளில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் எம்.2 ஸ்லாட்டில் சொருகும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் நடுவே கேம் லோடிங்கில் சில விநாடிதான் வித்தியாசம். வேகத்துக்குக் கொடுக்கிற காசை இடத்துக்குக் கொடுங்கள், 1 டிபிக்குக் குறையாமல் எடுங்கள்.

கடையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: உள்ளே இருக்கும் சிப் டிஎல்சியா, கியூஎல்சியா? செல்லுக்கு மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நாலு பிட் வைப்பது கியூஎல்சி. கியூஎல்சி என்றால் முதலில் வேகமாக எழுதும், உள்ளே இருக்கும் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிறைந்ததும் ஹார்ட் டிஸ்கை விடக் கீழே போவதையும் பார்த்திருக்கிறேன். 150 ஜிபி கேமை ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது தெரியும். டபிள்யூடி எஸ்என்770 மாதிரி டிஎல்சி எடுத்தால் 1 டிபிக்கு 600 டிபி எழுதும் ஆயுள் போட்டிருப்பார்கள். தினமும் 50 ஜிபி எழுதினாலும் முப்பது வருஷத்துக்கு மேல். அதற்குள் பாப்பா உங்களுக்கே கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுப்பாள்.

பவர் சப்ளை என்ன என்று எழுதவே இல்லையே?


நொய்யல்கரை:

அண்ணா, மிக்க நன்றி. பவர் சப்ளை கேபினெட்டோடு வந்தது, 450 வாட் என்று எழுதியிருக்கிறது, கம்பெனி பெயர் கேள்விப்படாதது.

நீங்கள் சொன்ன சாஃப்ட்வேரில் மஞ்சள் நிறத்தில் "கவனம்" என்று வருகிறது. 05-ல் எல்லாம் பூஜ்யம். சி5-லும் சி6-லும் கடைசியில் 30. முப்பதுதானே, பரவாயில்லையா? பாப்பா காதுகுத்து வீடியோ அதில்தான் இருக்கிறது.


ஸ்க்ரூடிரைவர்:

அது ஹெக்ஸ் கணக்கு தம்பி, பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணுவது. 30 என்றால் 48. படிக்க முடியாமல் டிஸ்க் திணறுகிற இடம் 48 என்று அர்த்தம். முப்பதோ நாற்பத்தெட்டோ, ஒன்று இருந்தாலே மாற்ற வேண்டியதுதான்.

இன்றைக்கு ராத்திரி கேம் வேண்டாம். டிஃப்ராக், ஸ்கேன் என்று எதையும் ஓட்டாதீர்கள். முதலில் காதுகுத்து, அப்புறம் மற்ற போட்டோ, அப்புறம் ஆபீஸ் ஃபைல். சின்னச் சின்ன ஃபோல்டராக வெளி டிஸ்குக்கு எடுங்கள். கேம் ஃபைலைத் தொடவே வேண்டாம், திரும்ப டவுன்லோடு செய்துகொள்ளலாம். ரோபோகாப்பி (விண்டோஸோடு வரும் காப்பி கருவி) தெரிந்தவர் யாராவது உதவிக்கு வந்தால், மறுமுயற்சி எண்ணிக்கையை 1 என்று வைக்கச் சொல்லுங்கள். சும்மா விட்டால் கெட்டுப்போன ஒரே ஃபைலைப் பத்து லட்சம் தடவை திரும்பத் திரும்பக் கேட்கும், அதற்குள் டிஸ்க் போய்ச் சேர்ந்துவிடும்.

பவர் சப்ளையை மாற்றியே ஆக வேண்டும். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரம் அதிகம் வீணாகாததற்கான தரச் சான்று), பெயர் தெரிந்த கம்பெனி. லைட் ஃபேனும் புது கேபினெட்டும் எழுதிக் கொடுத்தவர்கள் இதை எழுதவில்லை பாருங்கள்.


பழையசரக்கு (மதுரை):

எல்லோரும் புதுசையே சொல்கிறீர்கள். பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி வாங்கினால் காசு பாதிதான். அதுவும் 16 லேன் கார்டு. 1080பிக்கு இன்றைக்கும் தாங்கும். நான் இரண்டு வருஷமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் இன்டெல் பி580 கார்டு, புதுசே 12 ஜிபியோடு கிடைக்கிறது.


ஸ்க்ரூடிரைவர்:

3060 பற்றிச் சொன்னது நியாயம், எனக்கும் அந்தக் கார்டு பிடிக்கும். ஆனால் 2021-ல் வந்த கார்டு அது, முதல் ஒன்றரை வருஷம் பல கார்டுகள் இராப்பகலாக எதேரியம் என்ற கிரிப்டோ காசை உருவாக்கும் மைனிங்கில் ஓடின. 2022 செப்டம்பர் 15-ல் எதேரியம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் ஓடிய கார்டெல்லாம் குப்பை என்று சொல்லவில்லை. நேரில் போய், கண் முன்னால் ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்தில் ஓட்டும் சோதனை) கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்க முடிந்தால் வாங்கலாம். ஸ்க்ரூ தலையில் கீறல் இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். கார்டு விவரம் காட்டும் ஜிபியூ-இசட் சாஃப்ட்வேரில் பேரும் மெமரியும் சரியா என்று பாருங்கள், அரதப்பழசான கார்டுக்குப் புது பயாஸ் (உள்ளே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) ஏற்றிப் புதுப் பேரில் விற்ற கதையெல்லாம் உண்டு. கூரியரில் வாங்குவதென்றால் நான் மாட்டேன்.

பி580 இந்தத் தம்பிக்கு வேண்டாம். 3600 மாதிரிப் பழைய பிராசசரோடு அது சுணங்கும். புது பிராசசரில் போடுகிறவருக்கு நல்ல கார்டுதான்.


தேக்கா (சிங்கப்பூர்):

மச்சானிடம் சொல்லி வாங்குவது பற்றி: போன வருஷம் என் தம்பிக்கு இங்கே சிம் லிம் ஸ்கொயர் எலக்ட்ரானிக்ஸ் மாலில் ஒரு கார்டு வாங்கிப் பெட்டியில் சட்டை சுற்றிக் கொண்டு போனேன். எட்டாவது மாதம் ஒரு ஃபேன் நின்றுவிட்டது. ஊரில் சர்வீஸ் சென்டரில் இந்திய பில் கேட்டார்கள். கார்டு மறுபடி என்னோடு பிளேனில் ஏறி வந்தது. நாலாயிரமோ ஐந்தாயிரமோ மிச்சம் பிடிக்கப் போய் ஒரு சூட்கேஸ் இடம் இரண்டு தடவை போனதுதான். எஸ்எஸ்டி என்றால் சட்டைப்பையில் போட்டுக் கொண்டு வரலாம், கார்டை ஊரிலேயே பில்லோடு வாங்குங்கள்.


குறுக்குச்சந்து:

ஜிஎஸ்டி குறைத்தார்களே, கார்டு விலை இறங்காதா? கொஞ்சம் பொறுத்தால்?


ஸ்க்ரூடிரைவர்:

கம்ப்யூட்டர் பாகம் முன்பும் 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22 வரி மாற்றத்துக்குப் பிறகும் 18 சதவீதம். ராம் விலை மேலே போக ஆரம்பித்துவிட்டது, எஸ்எஸ்டியும் பின்னாலேயே போகும் என்று மொத்த வியாபாரிகள் சொல்கிறார்கள். காத்திருக்க நான் சொல்ல மாட்டேன்.

திருப்பூர் தம்பிக்கு இன்னும் இரண்டு வேலை. கேபினெட்டுக்குள் பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை அளந்து பாருங்கள், மூன்று ஃபேன் கார்டெல்லாம் 30 சென்டிமீட்டரைத் தொடும். இன்னொன்று, போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, விண்டோஸைப் புது எஸ்எஸ்டியில் யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் புதிதாகப் போடுங்கள். பழையபடி சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆனில் இருந்தால், பிராசசர் கார்டு மெமரி முழுவதையும் ஒரே தடவையில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் வேலை செய்யாது.


நொய்யல்கரை:

பனியன் கம்பெனிக்காரனிடம் இஞ்ச் டேப்புக்கா பஞ்சம். அளந்துவிட்டேன், பத்தே முக்கால் இஞ்ச். இரண்டு ஃபேன் கார்டுதான் உள்ளே போகும். கேபினெட் மாற்றவில்லை.

சனிக்கிழமை கோயம்புத்தூர் போய் வாங்கினேன்: 9060 எக்ஸ்டி 16 ஜிபி 38 ஆயிரம், டிஎல்சி எஸ்எஸ்டி 1 டிபி 6,400, 550 வாட் பவர் சப்ளை 4,300. டிஎல்சியா என்று கேட்டதும் கடைப் பையன் முதலாளியைக் கூப்பிட்டான். மிச்சம் 1,300-இல் பாப்பாவுக்குப் பட்டாசு.

மாட்டும்போது எம்.2 ஸ்க்ரூவைக் காணோம். அரிசி மணி அளவு ஸ்க்ரூவுக்காக ஒரு மணி நேரம் வீட்டைப் புரட்டினேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய போர்டு அட்டைப்பெட்டிக்குள், சீல் பிரிக்காத கவரில் இருந்தது. பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லி வருஷா வருஷம் சண்டை போடுகிற வீட்டுக்காரி அப்போது ஒன்றும் பேசவில்லை.

சுவரில் இருக்கும் போஸ்டர் இப்போது வண்டியில் போகும்போதே படிக்க வருகிறது. ஹை டெக்ஸ்சரில் கார்டு மெமரி ஒன்பதரை ஜிபி வரை போகிறது, அண்ணன் சொன்ன கட்டிங் டேபிள் ஞாபகம் வந்தது.

காதுகுத்து வீடியோ இரண்டு ஃபைல். ஒன்று முழுசாக வந்துவிட்டது. இன்னொன்று முக்கால்வாசியில் நின்றுவிட்டது, மச்சான் மடியில் பாப்பாவை உட்கார வைக்கிற இடம் வரைக்கும் இருக்கிறது. டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். இதை டேட்டா ரெக்கவரிக்குக் கொடுத்தால் என்ன ஆகும் அண்ணா, நம்பிக் கொடுக்கலாமா, தாங்குகிற செலவா?


ஸ்க்ரூடிரைவர்:

கொடுப்பதற்கு முன்னால் அன்றைக்கு மண்டபத்தில் போன் தூக்கிப் பிடித்தவர்கள் எல்லோரையும் கேளுங்கள். மச்சானிலிருந்து ஆரம்பியுங்கள். டிஸ்கை மட்டும் திரும்பச் சொருகிப் பார்க்காதீர்கள்.